பொத்தானை அழுத்தினால் ஓடிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் உலகின் மிகப் பெரிய கப்பல் டீசல் என்ஜின் பற்றி வந்த குறிப்பைப் படித்தோம். 14 சிலிண்டர், 2,300 டன் எடை, ஒரு லட்சத்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைத்திறன் எல்லாம் சரி. 2006-ல் எம்மா மேர்ஸ்க் சரக்குக் கப்பலில் ஏறிய வார்ட்சிலா-சுல்சர் ஆர்டி-ஃப்ளெக்ஸ் 96சி வகை அது. ஆனால் 'பொத்தானை அழுத்தினால் இயங்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான்: இவ்வளவு பெரியதை எந்த செல்ஃப் மோட்டார் சுற்றும்?

எதுவும் சுற்றாது. சுற்றுவது காற்று. கிணறு வெட்டும்போது ஜாக்ஹாமருக்குக் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றின் அழுத்தம் சுமார் 7 பார். கப்பலில் 'ஏர் பாட்டில்' என்று சொல்லும் பெரிய தொட்டிகளில் 30 பார் அடைத்து வைத்திருப்பார்கள். முன்னும் பின்னும் ஓடும் என்ஜின் என்றால், மறுபடி நிரப்பாமல் 12 தடவை ஸ்டார்ட் செய்யக் காற்று இருந்தாக வேண்டும் என்பது விதி. பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கும் சிலிண்டரில் மட்டும் வால்வு திறந்து காற்று புகும். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. இப்படி மாறி மாறித் தள்ளித்தான் பிஸ்டன்கள் சுற்றிவிடும் முதன்மைத் தண்டான 300 டன் கிராங்க் ஷாஃப்ட் அசைகிறது. வேகம் கொஞ்சம் பிடித்ததும் காற்று நின்று எரிபொருள் பாயும். ரிவர்ஸ் கியர் பெட்டி கிடையாது. கப்பல் பின்னால் போக வேண்டுமென்றால் என்ஜினை நிறுத்தி எதிர்ப்பக்கமாகவே ஓடவிடுவார்கள்.

அதற்கு முன்பே பல மணி நேர வேலை இருக்கிறது. சிலிண்டரைச் சுற்றி ஓடும் ஜாக்கெட் தண்ணீரைக் குறைந்தது 50 டிகிரிக்குச் சூடேற்றி ஓடவிட வேண்டும். சிலிண்டரின் உள்சுவரான லைனர் குளிர்ந்திருக்கும்போது அதில் திடீரென்று தீ பட்டால் விரிசல் விடும், எரிபொருளின் கந்தகம் அமிலமாகி லைனரை அரிக்கும். எரிபொருளோ தார் மாதிரியான ஃபர்னஸ் ஆயில். முதலில் பியூரிஃபயர் என்ற சுத்திகரிப்புக் கருவியில் 98 டிகிரியில் சுற்றித் தண்ணீரையும் கசடையும் பிரிக்கிறார்கள். பிறகு 130 டிகிரி அளவுக்குக் காய்ச்சினால்தான் இன்ஜெக்டரில் தூவலாக வரும். சூடு குறைந்தால் தூவல் பிசகும், முழுதாக எரியாது, பிஸ்டன் தலையில் கரி கட்டும்.

அடுத்ததை ஒருவரும் படத்தில் காட்டுவதில்லை. நம் தோட்டத்து ஆயில் என்ஜினில் டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிவிட்டு ஹேண்டில் போடுவோம் அல்லவா, அதன் பெரியண்ணன் இது. சிலிண்டரின் மூடியான ஒவ்வொரு ஹெட்டிலும் உள்ள இண்டிகேட்டர் காக் என்ற சின்ன வால்வைத் திறந்து வைத்து, மெதுவாகச் சுற்றுவதற்கென்றே உள்ள டர்னிங் கியர் மோட்டாரால் ஷாஃப்ட்டை ஆமை வேகத்தில் சுற்றுகிறார்கள். அப்போதே லைனருக்கு ஆயிலும் ஊட்டப்படுகிறது. ஒருவர் காக்குகளின் முன்னால் நின்று பார்த்துக்கொண்டே வருவார். வெறும் காற்று வந்தால் சரி. நாலு சொட்டுத் தண்ணீர் தெறித்தாலும் ஸ்டார்ட் கிடையாது. ஹெட்டிலோ லைனரிலோ விரிசல் இருக்கலாம். தண்ணீர் அமுங்காது. அதோடு சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும், ஹெட் உடையும். டர்னிங் கியரை விலக்காமல் இருந்தால் காற்று வராதபடி பூட்டும் வைத்திருக்கிறார்கள். மனிதன் மறப்பான் என்று தெரிந்து செய்த ஏற்பாடு.

ஓடத் தொடங்கிய பிறகு, ஸ்டார்ட்டிங் காற்று போகும் கிளைக்குழாயைக் கையால் தொட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். சூடாக இருந்தால் வால்வு கசிகிறது, எரிந்த வாயு பின்னோக்கி வருகிறது என்று பொருள். குழாயில் எண்ணெய்ப் படலம் இருந்து அடுத்த முறை 30 பார் காற்று திறந்தால் குழாயே வெடிக்கும்.

இன்னொரு பயம், கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அடிப்பெட்டியான கிராங்க் கேஸ். பேரிங் ஒன்று காய்ந்து சூடானால் ஆயில் ஆவியாகி, பனிமூட்டமாக நிற்கும். அதே சூடு பற்றவும் வைக்கும். 1947-ல் ரெய்னா டெல் பசிஃபிகோ கப்பலின் சோதனை ஓட்டத்தில் இப்படி வெடித்து 28 பேர் இறந்தார்கள். இன்று வெடிப்பழுத்தத்தை வெளியே விடும் கதவுகளும், ஆயில் பனியைக் கண்டு எச்சரிக்கும் கருவியும் இருக்கின்றன. எச்சரிக்கை வந்தால் நிறுத்திவிட்டு அரை மணி நேரமாவது கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளே காற்று புகுந்து தீ பற்றும்.

நிமிடத்துக்கு 102 சுற்றுதான் என்பதால் மந்தமான என்ஜின் என்று நினைக்க வேண்டாம். பெரிய புரொப்பல்லர் மெதுவாகச் சுழன்றால்தான் எரிபொருள் மிச்சம், அதற்காகத்தான் அந்தக் கணக்கு. பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் இரண்டரை மீட்டர் போய் வருவதால் சராசரி வேகம் நொடிக்கு 8.5 மீட்டர் ஆகிறது. மாங்கூழ் ஆலையில் 1,500 சுற்றில் அலறும் ஜெனரேட்டரில், பிஸ்டன் போகும் தூரமான ஸ்ட்ரோக் 15 சென்டிமீட்டர் என்றால், வருவது 7.5 மீட்டர்தான்.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் பெரிய டீசல் என்ஜின் புதிதல்ல. ஊத்தங்கரை பக்கம் சாமல்பட்டியில் 2001-ல் மின் உற்பத்தி தொடங்கிய நிலையத்தில் நிறுவியவை 7 என்ஜின்கள், மொத்தம் சுமார் 105 மெகாவாட். கப்பலில் உள்ள அந்த ஒரே என்ஜின் 80 மெகாவாட். அடுத்த முறை மாணவர் பக்கத்தில் போடும்போது இந்தக் கணக்கையும் சேருங்கள்.

பள்ளிகளில் இதைக் காட்டப் படமும் வேண்டாம். தரையில் சாக்பீஸால் 96 சென்டிமீட்டர் குறுக்களவில் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள்; என்ஜின் பெயரில் உள்ள 96 அதுதான். பக்கத்துச் சுவரில் இரண்டரை மீட்டர் உயரத்தில் ஒரு கோடு. வட்டத்துக்குள் இரண்டு பிள்ளைகள் நிற்கட்டும், கோட்டை எட்டித் தொட முயலட்டும். அது ஒரு சிலிண்டர்.

இப்படிக்கு,
டீசல் மெக்கானிக்குகள் சிலர்,
பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்