மருந்து எப்போதோ வந்துவிட்டது, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் டாக்டர் சாரதா மேனன் பற்றி முழுப் பக்கம் கட்டுரை போட்டிருந்தீர்கள். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பு, 1984இல் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயாளிகளுக்காகத் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, 1992இல் பத்மபூஷண் என்று எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசிப் பத்தியில்தான் கட்டுரையாளர் குண்டைத் தூக்கிப் போட்டார். "மருந்தே இல்லாத மனச்சிதைவு நோயை எதிர்த்து வாழ்நாள் முழுக்கப் போராடியவர்" என்று.

மருந்தே இல்லையாம். அப்படியானால் தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் என் தம்பி கையில் கொடுப்பது ஆரஞ்சு மிட்டாயா?

உங்களுக்குத் தெரியாததல்ல. குளோர்புரோமசைன் என்ற மருந்து 1952லேயே பாரிஸில் மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அதற்கும் முன்னால், 1931இல், கல்கத்தா மருத்துவர்கள் இரண்டு பேர் சர்ப்பகந்தா வேரை மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். சாரதா மேனன் அம்மா போராடியது மருந்து இல்லாத குறையோடு அல்ல. தேறியவர்களைக்கூட வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வராத கொடுமையோடு. அதைப் பற்றி உங்கள் முழுப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. சென்னையில் 1980களின் தொடக்கத்தில் 90 மனச்சிதைவு நோயாளிகளைப் பதிவு செய்து, ஸ்கார்ஃபின் டாக்டர் தாரா போன்றவர்கள் இருபது வருஷத்துக்கும் மேல் அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்களே, அதற்கு அந்த ஒரு வரிகூட இல்லை. ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குடுவையும் வெள்ளைக் கோட்டும்தான் என்று கட்டுரையாளர் நினைத்துவிட்டார் போல.

என் தம்பி சாப்பிடுவது குளோசபின். 1975இல் ஃபின்லாந்தில் இதைச் சாப்பிட்ட சிலர் இறந்துபோனதால் பல நாடுகள் ஓரங்கட்டிய மருந்து. 1988இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் கேன் குழுவினர், வேறு எந்த மாத்திரைக்கும் அசையாத நோயாளிகளுக்கு இது கேட்கிறது என்று காட்டிய பிறகுதான் திரும்பி வந்தது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடலாம் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுக்க வேண்டும், அப்புறமும் விட முடியாது. தூக்கத்தில் எச்சில் வழியும். காலையில் அவன் தலையணை உறையைப் பிழிந்தால் தண்ணீர் வரும், அந்த அளவுக்கு. உடம்பும் போட்டுவிட்டது. ஆனால் காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. இன்று என் வீட்டுக்காரரின் கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்து முத்து கோக்கிறான். ஒரு கண்ணி தப்பாது.

உங்கள் கட்டுரை வந்த அன்று பக்கத்து வீட்டு அண்ணன் பேப்பரை மடித்துக்கொண்டு வந்தார். "பேப்பர்லயே போட்டுட்டாங்க, மருந்தே இல்லையாமே. எதுக்கும்மா மாத்திரையக் கொடுத்து அந்தப் பையன் உடம்ப ஊத வெக்கற?" என்றார். தம்பி திண்ணையில்தான் இருந்தான். அன்று ராத்திரி மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டான். இரண்டு நாளுக்கு மேல் இந்த மாத்திரை விட்டுப்போனால் மறுபடியும் குறைந்த அளவிலிருந்து தொடங்க வேண்டும், தெரியுமா? கெஞ்சி, அதட்டி, அவனை விழுங்க வைத்தது நான். கட்டுரையாளர் அல்ல.

கேட்க ஆரம்பித்துவிட்டேன், மீதியையும் கேட்டுவிடுகிறேன். எங்கேயாவது வெட்டுக்குத்து என்றால், போலீஸ் விசாரிக்கும் முன்பே "மனநோயாளி வெறிச்செயல்" என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் பிள்ளைகளைத் தம்பி பக்கம் விடமாட்டார்கள். 2001இல் ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியோடு 28 பேர் எரிந்து செத்தபோது பக்கம் பக்கமாக அழுதீர்கள். இப்போது அதே பத்திரிகையில், "மன பயம், பேய் பயம் ஒரே மாதத்தில் நீங்க" தாயத்து விளம்பரம், வண்ணத்தில். மே 24 உலக மனச்சிதைவு நோய் தினம். அந்தச் சமயத்தில் சேலம் பதிப்பைப் புரட்டினால் ஏற்காடு மலர்க் கண்காட்சிதான் பூத்துக் கிடக்கிறது. பூவைப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, மகனைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, மாத்திரை இருப்பில்லை என்ற பதிலோடு மறுபடியும் பஸ் ஏறிய ஓர் அம்மாவை மருத்துவமனை வராந்தாவில் பார்த்தேன். அதை எழுதித்தான் சென்ற வருஷம் உங்களுக்குக் கடிதம் போட்டேன். இடமில்லை போலிருக்கிறது, பரவாயில்லை.

இப்போது கேட்பது சின்ன விஷயம். வரும் ஞாயிறு இணைப்பில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், "இந்த நோய்க்கு மருந்து உண்டு, மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது" என்று ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமனாஸ் எண் 14416ஐயும். தங்கம் விலைக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம். இடம் போதவில்லை என்றால் அந்தத் தாயத்து விளம்பரத்தில் நாலு வரியைக் குறைத்துக்கொள்ளலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.