நூலகர் அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

நேற்று அம்மாவின் எக்கோ (இதய ஸ்கேன்) முடிவு வந்தது. மார்பகப் புற்றுநோய்க்குப் போட்ட மருந்தால் பலவீனப்பட்டிருந்த இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. இரண்டு மாதமாக எங்களோடு சேர்ந்து பயந்திருந்த உங்களுக்கு நடந்ததைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். கை இன்னும் நடுங்குகிறது.

முதலில் மருத்துவ நூலகத்தில் இருக்கும் அக்காவுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டா.

அந்த மருந்து, ட்ராஸ்டுசுமாப், இதயப் பாதிப்பால் பத்தாவது ஊசியோடு நின்றபோது, 18 ஊசியும் போடாவிட்டால் போட்டதெல்லாம் வீண் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நிலையில்தான் தெரிந்த மாணவி ஒருத்தியின் பின்னால் நூலகத்துக்குப் போனேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, அங்கே அங்கத்தவரும் இல்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கலாம். அக்கா கதிரையை இழுத்துப் போட்டு, "முதல் இருந்து தண்ணி குடியுங்கோ தங்கச்சி, பிறகு தேடுவம்" என்றா.

மூன்று இரவு கூகிளில் தேடி எனக்குக் கிடைக்காதது அக்காவுக்கு அரை மணித்தியாலத்தில் கிடைத்தது. எந்தச் சொல்லைப் போட்டால் எது வரும் என்பது தனி ஒரு படிப்பு என்று அன்றைக்குத்தான் கண்டேன். முதலில் வந்தது பெர்செஃபோனி என்ற பிரித்தானிய ஆய்வு. 4,000க்கு மேற்பட்ட பெண்களில் பாதிப் பேருக்கு 6 மாதம், அதாவது 9 ஊசி. மற்றப் பாதிக்கு 12 மாதம், 18 ஊசி. 4 ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் 6 மாதக் குழுவில் 89.4 வீதம், 12 மாதக் குழுவில் 89.8 வீதம். இதயப் பாதிப்பால் மருந்தை நிறுத்த வேண்டி வந்தது 6 மாதக் குழுவில் 3 வீதம், 12 மாதக் குழுவில் 8 வீதம்.

எனக்கு அது போதும். எழும்பி ஓட இருந்தேன். அக்கா விடவில்லை. 2019இல் லான்செட் என்ற மருத்துவச் சஞ்சிகையின் அதே இதழில், அதற்கு முந்திய பக்கங்களிலேயே வந்த ஃபேர் என்ற பிரெஞ்சு ஆய்வையும் எடுத்தா. 6 மாதம் 12 மாதத்துக்குக் குறைந்ததல்ல என்று அவர்களால் காட்ட முடியவில்லை. "இதையும் கொண்டு போங்கோ. எது அம்மாவுக்குப் பொருந்தும் எண்டு டொக்டர்தான் சொல்ல வேணும், நான் சொல்லக்கூடாது."

அப்புறம் பென்சிலை எடுத்து, முக்கியமான வரிகளுக்குப் பக்கத்தில் தமிழில் எழுதத் தொடங்கினா. பூட்டும் நேரம் கடந்து நாற்பது நிமிடம். 6 மாதம் பற்றிய பெர்செஃபோனி முடிவுக்குப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "மேல் என்று அர்த்தம் இல்லை. கீழே போகவில்லை என்று மட்டும் அர்த்தம்." அம்மா அந்த வரியை எத்தனை தரம் வாசித்திருப்பா என்று சொல்ல முடியாது. அன்றிரவு இரண்டு இடியப்பம் சாப்பிட்டா.

நான் கேட்க விரும்பியதை மட்டும் தந்து அக்கா என்னை அனுப்பியிருக்கலாம். நான் சந்தோசமாகப் போயிருப்பேன். பிடிக்காததையும் சேர்த்துத் தந்ததால்தான் டொக்டருக்கு முன்னால் பயமில்லாமல் இருந்தேன். அவர் இரண்டையும் வாசித்து, அம்மாவின் அறிக்கைகளையும் பார்த்து, பத்தோடு நிறுத்தலாம் என்று முடிவு சொன்னார்.

அந்த டொக்டருக்கும், தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் அம்மாவின் நரம்பைத் தேடிப் பொறுமையாக ஊசி ஏற்றிய தாதியருக்கும், வாடகை பேசாமல் காத்து நின்ற ஓட்டோ அண்ணாவுக்கும், கஞ்சி கொண்டுவந்த அயலாருக்கும், கனடாவிலிருந்து தினமும் கோல் எடுத்த சித்திக்கும் நன்றி. அந்த ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்க்க 2011இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்த முகம் தெரியாதவர்களுக்கும்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் ஆய்வுச் சுருக்கங்கள் பல தமிழிலும் இருக்கின்றன என்று அக்காதான் காட்டினா. கிளினிக் வாங்கில் காத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நான் தமிழ் படிப்பிக்கிறவள். சனிக்கிழமைகளில் அக்காவோடு இருந்து, அவ தெரிந்து தருவதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுக்கப்போகிறேன். புற்றுநோய்க்கு மருந்து என்று வாட்ஸ்அப்பில் வருவது எதையும் அக்காவிடம் காட்டாமல் இனி யாருக்கும் அனுப்பமாட்டேன்.

பென்சில் எழுத்து அழியத் தொடங்கிவிட்டது. அம்மா இன்று காலை அதன் மேலேயே பேனையால் எழுதிக்கொண்டிருக்கிறா.