இன்னொரு குழி வேண்டாம்: மாவட்ட ஆட்சித் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

பொருள்: கடலோரக் குடியிருப்புக்குக் கசியாத தொட்டியும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் நாங்கள் கொடுத்த மனுவும், அதற்கு வந்த பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. எங்கள் ஊராட்சி திறந்தவெளியில் மலம் கழித்தல் அற்ற ஊராட்சியாக ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுவிட்டதாம், ஆகையால் கோரிக்கை மீது நடவடிக்கை தேவைப்படவில்லையாம். விருப்பமிருந்தால் தனிநபர் இல்லக் கழிப்பறைத் திட்டத்தில் புதிய குழிக்கு விண்ணப்பிக்கலாமாம். பதில் அனுப்பியதற்கு நன்றி. பல மனுக்களுக்கு அதுகூட வருவதில்லை என்று தெரியும்.

ஆனால் ஐயா, எங்களுக்குக் கழிப்பறை இல்லை என்று நாங்கள் மனு கொடுக்கவில்லை. கழிப்பறை இருக்கிறது. அது வேலை செய்யவில்லை என்றுதான் கொடுத்தோம். மனுவைப் படித்தவர் முதல் வரியிலேயே நிறுத்திவிட்டார் போலிருக்கிறது.

எங்கள் குடியிருப்பின் கதை உங்கள் கோப்பில் இருக்கும். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகள், காவிரிக் கடைமடை, மணல் பூமி. கோடையிலேயே ஐந்தடி தோண்டினால் தண்ணீர், மழைக்காலத்தில் தோண்டவே வேண்டாம். கழிப்பறைக்குக் குழி எடுத்தபோது ஒரு பக்கம் ஆள் தோண்ட, இன்னொரு பக்கம் ஆள் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டேதான் சிமெண்ட் உறைகளை இறக்கினார்கள். அடியில் தளம் போடவில்லை. கழிவுநீர் மண்ணில் இறங்கிவிடும் என்றார்கள். ஏற்கெனவே தண்ணீர் நிற்கும் இடத்தில் எங்கே இறங்கும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பயனாளிகள் பட்டியலில் பெயர் இருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

உறைக்குழியை நான் குறை சொல்லவில்லை. மேட்டு நிலத்தில் இரட்டைக் குழிக் கழிப்பறை நல்ல ஏற்பாடு. ஒன்று நிறைந்தால் மற்றதற்குத் திருப்பிவிட்டு, பழையது மக்கி உரமானதும் அள்ளிக்கொள்ளலாம். ஆனால் அதற்கான வழிகாட்டுதலே குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவே 2 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது, இல்லாத இடத்தில் மாற்று ஏற்பாடு செய்யச் சொல்கிறது. எங்கள் குழிகளின் அடி, கட்டிய நாளிலேயே தண்ணீருக்குள் நின்றது. கூப்பிடு தூரத்தில் அடிபம்பு. உங்கள் துறையின் விதியை உங்கள் துறைக்கே நினைவூட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்ததும் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கோப்பையில் ஊற்றிய தண்ணீர் இறங்காது. அப்புறம் குழிக்குள் இருப்பது மேலே வரும். ஆண்கள் நாங்கள் கரைப்பக்கம் எங்காவது ஒதுங்கிவிடுவோம். பெண்கள் இருட்டும் வரை காத்திருக்க வேண்டும். அதனால் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

எங்கள் எதிர்வீட்டு அத்தைக்கு ரத்தக்கொதிப்பு, காலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீர் பிரிவதற்கு ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். காலையில் அதைப் போட்டால் மதியத்துக்குள் நாலைந்து தடவை போக வேண்டியிருக்கும். மழைக்காலம் வந்ததும் அத்தை அந்த ஒரு மாத்திரையை மட்டும் பிரித்தெடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி வைத்துவிடுவார். மற்ற மாத்திரைகளை வேளை தவறாமல் போடுவார். கால் வீங்கி, செருப்பு வார் தோலில் பதியும். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் விழுந்த பள்ளம் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். “தை பொறக்கட்டும் தம்பி, போட்டுக்கிறேன்” என்பார். மாத்திரையைச் சரியாகப் போடுவதில்லை என்று நர்ஸம்மா சீட்டில் எழுதித் திட்டி அனுப்பினார். அவர் மேல் தப்பில்லை. கழிப்பறை வேலை செய்யும் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று மாத்திரை அட்டையில் அச்சடிப்பதில்லையே.

அத்தை வீட்டுக் கழிப்பறையும் உங்கள் கணக்கில் ஒன்று. கதவில் எண் எழுதி, அத்தையை முன்னால் நிறுத்திப் படம் பிடித்து, இருப்பிடக் குறியீட்டோடு இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். படம் எடுத்தது சித்திரை மாதத்தில்.

ஆகையால் ஐயா, எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இன்னொரு குழி வேண்டாம். கசியாத தொட்டி வேண்டும், அதிலிருந்து வெளியேறும் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஓர் ஏற்பாடு வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும்.

நான் பிழைப்புக்குச் சோலார் பேனல் மாட்டுபவன். அதனால் இவன் சரக்கு விற்க மனு எழுதுகிறான் என்று யாராவது உங்கள் காதில் போடலாம். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வீடு சூரிய சக்தியில் இயங்கும் நவீனக் கழிப்பறை வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை.

அப்படிப்பட்டவை உலகத்தில் இருக்கின்றன. 2011-ல் பில் கேட்ஸின் அறக்கட்டளை ஒரு சவால் விட்டது. சாக்கடை இணைப்பு, தண்ணீர் இணைப்பு, மின் இணைப்பு மூன்றும் இல்லாமல் இயங்கும் கழிப்பறை வேண்டும், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 அமெரிக்க சென்ட்டுக்கு மேல் செலவாகக் கூடாது என்றார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகம் முதல் பரிசு வாங்கியது. மேலே பேனல், கீழே மின்முனைகள் பொருத்திய தொட்டி. சிறுநீரில் இருக்கும் உப்பிலிருந்தே மின்சாரம் குளோரினை உண்டாக்கிக் கிருமிகளைக் கொல்லும், தெளிந்த தண்ணீர் மறுபடி கோப்பைக்கே வரும். கேரளத்திலும் குஜராத்திலும் வைத்துச் சோதித்தார்கள். நம் கோயம்புத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிப்பறைக் கழிவுநீரையும் இந்த மின்வேதியியல் வகையில் கிருமி நீக்கிப் பார்த்தார்கள். 2018-ல் சாக்கடை இணைப்பில்லாத கழிப்பறைகளுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 30500 என்ற பன்னாட்டுத் தரமும் வந்துவிட்டது. அருமையான வேலை, மறுக்கவில்லை.

ஆனால் மின்முனை தேய்ந்தால் மாற்ற யார் வருவார்? எங்கள் ஊர் உப்புக்காற்றில் பேனல் சட்டத்தின் நட்டு போல்ட்டே சீக்கிரம் துருவேறிவிடும். எர்த் கம்பி பொடிந்து போகும். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஆள் இல்லாமல் செத்துப்போன தெருவிளக்குகளை நீங்கள் போகிற வழியெல்லாம் பார்க்கலாம். கம்பத்தையும் பேனலையும் யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை, அவை அப்படியே நிற்கின்றன. பராமரிப்புக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை, அவ்வளவுதான்.

எங்களுக்குப் பக்கத்து ஊர்ப் பேருந்து நிலையத்திலும் ஒரு சூரிய சக்திக் கழிப்பறை வைத்தார்கள். நாடா வெட்டினார்கள், படம் நாளிதழில் வந்தது. இப்போது கதவில் பூட்டுத் தொங்குகிறது. ஆனால் சோலார் வேலை செய்யவில்லை என்று பழி போட முடியாது. கூரையில் இருக்கும் பேனலிலிருந்து பெயர்ப்பலகை விளக்குக்குத் தனி வயர் போகிறது. இரவானால் ‘நவீன கழிப்பறை’ என்ற எழுத்துகள் பளிச்சென்று எரிகின்றன, திறந்து வைத்தவர் பெயரோடு. அந்தக் கழிப்பறையைச் சரிசெய்ய முடியுமா என்று ஒரு மதியம் வந்து இலவசமாகவே பார்த்துத் தருகிறேன் என்று சொன்னேன். சாவி யாரிடம் இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

எங்களுக்கு வேண்டியது இதைவிட எளியது. நாலைந்து வீடுகளுக்குப் பொதுவாக, அடித்தளம் போட்டு, உள்ளும் புறமும் பூசிய கசியாத கான்கிரீட் தொட்டி. பிளாஸ்டிக் தொட்டியைக் கொண்டுவந்து இறக்கிவிடாதீர்கள். மழையில் நீர்மட்டம் ஏறும்போது கழிவை எடுத்த காலித் தொட்டி மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே மிதந்து வரும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தொட்டிக் கழிவுநீரையும் சமையலறை, குளியலறைத் தண்ணீரையும் குழாயில் சேர்த்து, புறம்போக்கில் இருக்கும் மேட்டுக்கு ஏற்றி, தடுப்புச் சுவர்கள் வைத்த தொட்டி வழியாகவும் கல்வாழையும் நாணலும் நட்ட சரளைப் படுகை வழியாகவும் விட வேண்டும். புதுச்சேரி தவளக்குப்பத்தில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையின் கழிவுநீர் இந்த முறையில்தான் சுத்தமாகித் தோட்டத்துக்குப் போகிறது. இரண்டு மணி நேரப் பயணம்தான், உங்கள் பொறியாளரை ஒரு நாள் அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம்.

இதில் மின்சாரம் தேவைப்படுவது தண்ணீரை மேட்டுக்கு ஏற்ற மட்டுமே. எங்களுடையது ஏறக்குறைய 60 வீடு, 240 பேர். வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டம் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது. அத்தனையும் கழிவுநீராகத் திரும்பி வந்தாலும் 13,200 லிட்டர். பத்தடி உயரத்துக்கு அதை ஏற்ற அரைக் குதிரைத்திறன் பம்பும் மூன்று பேனலும் போதும். பகலில் மட்டும் ஓடினால் பேட்டரியே வேண்டாம், இரவுத் தண்ணீரைத் தொட்டி தாங்கிக்கொள்ளும். மழை நாளில் வெயில் குறைவாகத்தான் இருக்கும், அதற்கு வீட்டு மின் இணைப்பிலிருந்து ஒரு மாற்று சுவிட்ச். என் தொழிலில் இது ஒரு பெரிய வேலையே இல்லை. பேனல் எங்கள் கூரைக்கே வந்துவிட்டது. கூரைச் சோலாருக்கு மத்திய அரசு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. அந்தக் கூரைக்குக் கீழே இருக்கும் கோப்பையைப் பற்றி மட்டும் கேட்டால் “ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுவிட்டது” என்கிறீர்கள்.

நிதி இல்லை என்று பதில் வரலாம். தூய்மை பாரதத்தின் இரண்டாம் கட்டத்தில் கழிவுநீர் மேலாண்மைக்கென்று தலைக்கு இவ்வளவு என ஒதுக்கியிருக்கிறார்கள். 5,000 பேருக்கு மேற்பட்ட ஊருக்குத் தலைக்கு 660 ரூபாய், அதற்குக் குறைந்த ஊருக்கு 280. சின்ன ஊர்க்காரன் கொஞ்சமாகக் கழுவுவான் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அந்த 280-ஐ வைத்துக் கணக்கிட்டால் எங்கள் பங்கு 67,200 ரூபாய். போதாதுதான். ஆனால் 15-ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கிக் கொடுத்தது. அந்தப் பணத்தில் ஊர் எல்லையில் ‘தூய்மையான கிராமம் உங்களை வரவேற்கிறது’ என்று வளைவு கட்டியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். வளைவு இருக்கிறது, எந்த நிதி என்று கேட்கவில்லை.

கோபத்தில் எங்கெங்கோ போகிறேன், மன்னிக்கவும். விஷயத்துக்கு வருகிறேன்.

புதிய குழி ஏன் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன மழையில் காசு கொடுத்துக் கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டோம். குழாயைக் குழியில் விட்டு உறிஞ்சினார்கள். லாரி நிறைந்தது, குழியில் மட்டம் ஓரங்குலம்கூடக் குறையவில்லை. “இது உங்க கழிவு இல்லண்ணே, ஊத்துத் தண்ணி. கடல் வத்துனாத்தான் இது வத்தும்” என்று ஓட்டுநர் குழாயைச் சுருட்டினார். அப்படிப்பட்ட நேரத்தில்தான் சிலர் வாளியோடு ஆள் தேடுகிறார்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. கழிவுநீர்க் குழாய்களுக்குள் இறங்கி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நீங்கள் 12,000 ரூபாய் மானியத்தில் தோண்டித் தரும் குழி, யாரையோ அந்தச் சட்டத்துக்கு வெளியே இறக்கிவிடுகிறது. அந்த யாரோ எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆகையால் மறுபடியும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு குழி வேண்டாம். கசியாத தொட்டி, சரளைப் படுகை, மூன்று பேனல், ஒரு பம்பு. இவற்றோடு, ஒப்பந்தக்காரருக்கு முழுப் பணத்தையும் கட்டி முடித்த அன்றே கொடுத்துவிடாமல் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, ஐந்து ஆண்டுப் பராமரிப்புக்குப் பிரித்துக் கொடுங்கள். எங்கள் மகளிர் குழுவில் இரண்டு பேர் பொறுப்பெடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். பேனல் துடைக்க, வால்வு திருப்ப, படுகையில் செடி வெட்ட நானே சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களுக்குச் சம்பளம் மட்டும் தவறாமல் வர வேண்டும். தன்னார்வம், மக்கள் பங்களிப்பு என்று சொல்லி அதையும் இலவசமாக வாங்கிக்கொள்ளாதீர்கள்.

மேட்டுப் புறம்போக்கின் புல எண், வீடுகளின் பட்டியல், நான் கையால் போட்ட வரைபடம் மூன்றையும் இத்துடன் மறுபடி இணைத்திருக்கிறேன். வரைபடத்தில் தப்பு இருந்தால் பொறியாளர் திருத்தட்டும், வருத்தமில்லை. ஆய்வுக்கு வருவதாக இருந்தால் கார்த்திகையில் வாருங்கள். காலையில் வந்து மாலை வரை இருக்கும்படி, முடிந்தால் உங்கள் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரியையும் அழைத்து வாருங்கள். டீ, தண்ணீர் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடலோரக் குடியிருப்பு மக்கள் சார்பாக ஒரு சோலார் தொழிலாளி