நாலு நாள் நெட்டுருவில் தேறுகிற தேர்வா இது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கல்வி இணைப்பில் கணினித் துறைச் சான்றிதழ்த் தேர்வுகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மற்றதையெல்லாம் விட்டுவிடுகிறேன். பயிற்சி மையங்களில் பணத்தைக் கொட்டி ஏமாற வேண்டாம், இணையத்தில் கிடைக்கும் முந்தைய வினாக்களை நாலு நாள் நெட்டுருப் போட்டாலே தேறிவிடலாம் என்று அதில் ஒரு வரி வருகிறது. அந்த வரி உங்கள் பார்வையைத் தாண்டி எப்படி அச்சுக்குப் போனது என்று எனக்குப் புரியவில்லை. உங்கள் இதழை என் மாணவர்களுக்கு வாங்கிப் போடுகிறவன் நான். வேறு எந்தப் பத்திரிகையில் வந்திருந்தாலும் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன்.

முந்தைய வினாக்கள் என்று கட்டுரையாளர் மென்மையாகச் சொல்வதற்கு எங்கள் துறையில் டம்ப் என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்புப் பழைய வினாத்தாளைப் போல எல்லோரும் வாங்கிப் படிக்கலாம் என்று வெளியிடப்படுவது அல்ல அது. தேர்வு எழுதியவர்கள் வெளியே கொண்டுவந்து விற்கிற திருட்டுச் சரக்கு. வலையமைப்புக் கருவிகள் செய்கிற சிஸ்கோ நிறுவனத்தின் தேர்வு தொடங்கும் முன் திரையில் ஓர் ஒப்பந்தம் வரும். வினாக்களை யாரிடமும் வெளிப்படுத்த மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால்தான் முதல் கேள்வியே திறக்கும். மீறினால் சான்றிதழை ரத்து செய்யவும், மேற்கொண்டு தேர்வு எழுத விடாமல் தடுக்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்த வழியைக் காட்டியிருக்கிறீர்கள்.

அந்த வழியிலேயே போகட்டும் என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸ் இயங்குதளத்துக்காக ரெட் ஹேட் நிறுவனம் நடத்தும் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. தேர்வுக்கு எதை நெட்டுருப் போடுவது? அங்கே நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற வேலையே கிடையாது. லினக்ஸ் கணினியை முன்னால் வைத்து, இன்னின்னதைச் செய் என்பார்கள். 300க்கு 210 எடுக்க வேண்டும். கணினியை அணைத்துத் திரும்பப் போட்ட பிறகும் செய்த வேலை நிற்கிறதா என்று பார்த்துத்தான் மதிப்பெண். புதிய வட்டுப் பகுதியைச் சேர்க்கும்போது எந்த வட்டுப் பகுதியை எங்கே இணைப்பது என்று கணினிக்குச் சொல்லும் எஃப்ஸ்டேப் கோப்பில் ஓர் எழுத்து பிசகினால் கணினி எழுந்திருக்காமலே போகலாம். அதற்கு முன் சரியாகச் செய்தவையும் அதோடு போகும். அதனால் என் வகுப்பில் அந்தக் கோப்பை நானே கெடுத்துவைத்து, மீட்டுக் கொடுங்கள் என்று உட்கார்ந்துவிடுவேன். முதல் தடவை கறுப்புத் திரையைப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் கை ஓடாது. போகப் போக, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே சரிசெய்வார்கள். அந்த இடைவெளியில் நடப்பதற்குத்தான் பயிற்சி என்று பெயர்.

சிஸ்கோவின் அடிப்படை வலையமைப்புச் சான்றிதழான சி.சி.என்.ஏ. தேர்விலும் நெட்டுரு மட்டும் கைகொடுக்காது. 120 நிமிடம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. /26 வலையமைப்பில் (64 முகவரிகள் கொண்ட பிரிவு, முதலும் கடைசியும் கருவிகளுக்குக் கிடையாது) எத்தனை கருவிகளுக்கு முகவரி தரலாம் என்றால் டம்ப் படித்தவரும் 62 என்று சொல்லிவிடுவார். 192.168.10.70 என்ற முகவரியுள்ள கணினி, 192.168.10.60 உடன் ஏன் நேரடியாகப் பேச முடியவில்லை என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார். /26இன் எல்லையைக் குறிக்கும் மாஸ்க்கில் கடைசி எண் 192, அதை 256இலிருந்து கழித்தால் 64, ஆகவே வலையமைப்புகள் 0, 64, 128, 192 என்று தொடங்கும், 60 ஒன்றிலும் 70 அடுத்ததிலும் விழுகிறது என்று கரும்பலகையில் கோடு போட்டு, ஒவ்வொருவரையும் எழுப்பிச் செய்யவைத்து, அது தலையில் ஏறும்வரை நிற்கிறவர்கள் நாங்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்த பழைய சுவிட்சுகளும் ரவுட்டர்களும் (கணினிகளையும் வலையமைப்புகளையும் இணைக்கும் கருவிகள்) போடுகிற விசிறிச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தித்தான் மாலை வகுப்பை நடத்துகிறேன். இரண்டு ரவுட்டர்களில் ஹலோ நேரத்தை, அதாவது நான் இருக்கிறேன் என்று ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் இடைவெளியை, வேறு வேறாக மாற்றிவைத்துவிட்டு, இவை ஏன் ஒன்றையொன்று அடையாளம் காணவில்லை என்று கேட்பேன். விடையை நான் சொல்ல மாட்டேன். வகுப்பு முடிந்து கடைசி பஸ்ஸுக்கு நேரமான பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் கட்டளைகளைத் தட்டிக்கொண்டிருந்த அம்பாசமுத்திரம் மாணவி ஒருத்தியை நான் அறிவேன். அவளுடைய அம்மா பீடி சுற்றுகிறவர். உங்கள் கட்டுரையாளர் அவளுடைய உழைப்பையும் சேர்த்துத்தான் நெட்டுரு என்று எழுதியிருக்கிறார்.

கட்டணத்தைப் பற்றியும் கட்டுரை வாய் திறக்கவில்லை. சி.சி.என்.ஏ. தேர்வுக்கு 300 டாலர், வரி தனி. தவறினால் திரும்ப முழுத் தொகை. சுயஉதவிக் குழுவில் கடன் எடுத்துக் கட்டுகிற வீடுகள் எங்கள் பக்கத்தில் உண்டு. லேப் எனும் செய்முறைப் பயிற்சி முழுவதையும் என் முன்னால் தனியாகச் செய்துகாட்டிய பிறகுதான் தேர்வுத் தேதியைக் குறிக்க விடுவேன். அந்த வீடுகளுக்குப் போய் நாலு நாள் என்று சொல்லலாமா, ஐயா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே பக்கத்தின் அடியில், நூறு சதவீதத் தேர்ச்சிக்கு உத்தரவாதம் தருவதாக ஒரு விளம்பரம் இருந்தது. தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்பதையே சிஸ்கோ வெளியிடுவதில்லை. அப்படிப்பட்ட தேர்வுக்கு ஒருவர் உத்தரவாதம் கொடுக்கிறார் என்றால் அவர் கையில் என்ன இருக்கிறது என்று நீங்கள் அறியாதவர் அல்லர். மேலே பயிற்சி மையங்கள் ஏமாற்றுகின்றன என்று கட்டுரை, கீழே அந்த ஏமாற்றுக்கே விளம்பரம். நேர்மையாக நடத்துகிறவனுக்கு உங்கள் பக்கத்தில் எங்கே இடம்?

இந்த நோய் எங்கே வளர்கிறது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் பகுதிக் கல்லூரி ஒன்றில் என்னை அழைத்து, இறுதியாண்டு மாணவர்கள் அத்தனை பேரும் பத்து நாளில் சான்றிதழ் வாங்க வேண்டும், டம்ப் கொடுத்தாலும் பரவாயில்லை என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறொருவர் செய்து கொடுத்தார். வாசலில் மாணவர்களின் படங்களோடு ஃபிளெக்ஸ் பலகை எழுந்தது. அந்தப் படங்களில் இருந்த ஒரு பையன் பிறகு சென்னைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனான். சுவிட்சுக்குக் கட்டளை கொடுக்கக் கணினியோடு இணைக்கிற கன்சோல் கேபிளைக் கையில் கொடுத்து, இந்தச் சுவிட்சை இணைத்துக் காட்டு என்றிருக்கிறார்கள். எந்தத் துளையில் செருகுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பி என் மாலை வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். கையில் சான்றிதழ் இருப்பதையே சில வாரங்கள் என்னிடம் சொல்லவில்லை. அவன் மீது எனக்குக் கோபம் கிடையாது. அவனை அப்படி அனுப்பிவைத்தவர்கள் யாருக்கும் ஒரு கேடும் வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

2020ஆம் ஆண்டிலும் உங்களுக்கு எழுதினேன். இரண்டு தாள்களாகவும் எழுத முடிந்த சி.சி.என்.ஏ. தேர்வை அந்த ஆண்டு பிப்ரவரி 24 அன்று ஒரே தேர்வாக மாற்றினார்கள். முதல் தாளில் தேறி இரண்டாவதை எழுதாமல் இருந்தவர்களுக்குப் புதிய தேர்வில் எந்தச் சலுகையும் இல்லை. மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வீட்டிலிருந்து எழுதலாம் என்று வசதி செய்தபோது, அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. ஒற்றை அறை வீட்டுப் பிள்ளை தாய் தகப்பனை எங்கே அனுப்புவான் என்று கேட்டு எழுதிய கடிதம் அது. நீங்கள் வெளியிடவில்லை. இடப் பற்றாக்குறையாக இருந்திருக்கலாம் என்று அன்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நாலு நாளில் தேறிவிடலாம் என்று எழுத மட்டும் இடம் இருந்திருக்கிறது.

மொழியைப் பற்றி யாருமே எழுதுவதில்லை. சி.சி.என்.ஏ. தேர்வை ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் எழுதலாம். தமிழில் எழுத வழியில்லை. தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு ரவுட்டர் புரிந்துவிடுகிறது, கேள்வியின் நீண்ட வாக்கியம்தான் காலை வாருகிறது. வகுப்பு நேரத்தில் பாதியை, கேள்வியில் எது தேவை, எது வெறும் சூழல் விவரம் என்று பிரித்துப் படிக்கப் பழக்குவதிலேயே செலவிடுகிறேன். அமேசானின் மேகக் கணிமைச் சேவையான ஏ.டபிள்யூ.எஸ். தேர்வுகளை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு, ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்றால் 30 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள். தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே தங்கள் கணக்கில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். தேதி குறித்துவிட்டு என்னிடம் வருகிற பல பிள்ளைகள் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. எழுதுவதற்கு உங்கள் கட்டுரையாளருக்கு இப்படி எத்தனையோ இருந்தன.

நான் மறுப்புக் கட்டுரைக்கு இடம் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை முழுமையாக வெளியிட இயலாது என்பதையும் அறிவேன். அடுத்த கல்வி இணைப்பில் ஒரு சிறு பெட்டிச் செய்தி போதும். டம்ப் படிப்பது தேர்வு விதிகளுக்கு விரோதம், சான்றிதழ் ரத்தாகலாம் என்று இரண்டு வரி. அந்த 30 நிமிடச் சலுகையைப் பற்றி இரண்டு வரி. அந்த உத்தரவாத விளம்பரத்தை அதே பக்கத்தில் மறுபடி போடாமல் இருந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
கணினி வலையமைப்புப் பயிற்றுநர் ஒருவர்,
பாளையங்கோட்டை