படத்தில் இல்லாத மூன்று படிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் வாரமலரில் 'ஒற்றைக் காலோடு குதிரையில் பறக்கும் வீராங்கனை' என்று வந்ததே, அது நான்தான். எழுதியவர் நல்ல மனதோடு எழுதியிருக்கிறார். அன்று முழுக்க வாழ்த்துச் சொல்லிப் போன் வந்தபடி இருந்தது. சரி, நன்றி. ஆனால் நான் பறப்பதில்லை. குதிரையை நடத்துகிறேன், கொஞ்சம் துள்ளுநடை விடுகிறேன், அவ்வளவுதான்.

எனக்கு மனம் குறைப்பட்டது படத்தைப் பார்த்துத்தான். உங்கள் நிருபர் எடுத்த படத்தில் குதிரைக்குப் பக்கத்தில் ஒரு மரப்படி நின்றது. பேப்பரில் அதைக் காணவில்லை. வடிவாக இருக்கட்டும் என்று வெட்டியிருப்பீர்கள். எனக்கோ கதையே அந்தப் படிதான்.

குதிரையில் இடப்பக்கத்தால் ஏறுவதுதான் வழக்கம். இடுப்பின் இடப்பக்கம் வாள் தொங்கிய காலத்துப் பழக்கம் என்பார்கள். இடது பாதத்தை அங்கவடியில் (சேணத்தில் தொங்கும் கால்வளையத்தில்) வைத்து உன்னி எழும்ப வேண்டும். எனக்கு முழங்காலுக்குக் கீழே இல்லாததும் அதே இடது கால். (2002, அரியாலை, மிதிவெடி, எனக்குப் பதினொரு வயது. இதைக் கட்டுரை அரைப்பக்கம் சொல்லிவிட்டது, நான் மீண்டும் சொல்லவில்லை.) பொய்க்காலின் பாதம் அங்கவடிக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எனக்கு உணர்வு தெரியாது. சிக்கியபடி விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். வலப்பக்கத்தால் ஏறப் பார்த்தால் பழக்கமில்லாத குதிரை விலகி விலகிப் போகும்.

கொக்குவில் ஓடாவியார் ஒருவர் வேப்பம்பலகையில் படி செய்து தந்தார். இரண்டரை அடி உயரம், மூன்று படி, உச்சியில் இரண்டு காலும் ஊன்றி நிற்க ஒரு தட்டு. முதல் செய்தது ஆடியது. நான் ஏறி நின்றதும் அது கிரீச்சிட, குதிரை வெருண்டு ஓடிவிட்டது. "வாகனம் போட்டுது, சாமி மட்டும் நிக்குது தங்கச்சி" என்று ஓடாவியார் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கால்களை அகட்டிப் பூட்டி, அடியில் பழைய ரயர் இறப்பர் அடித்துத் தந்தார். அதற்குப் பிறகு ஆடவில்லை.

குதிரையும் பந்தயக் குதிரை அல்ல. கலியாண ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போகிற குதிரை. கைதடிப் பக்கத் தரவையில் காலையில் பழகுகிறோம். கோயிலில் மேளம் கேட்டால் போதும், இரண்டு அடி வைக்கும், நிற்கும், மாப்பிள்ளையை எல்லோரும் பார்க்கட்டும் என்பதுபோல.

நான் பழகுவதைக் கட்டுரை 'பந்தயம்' என்றது. யாழ்ப்பாணத்தில் சவாரி என்றால் மாட்டுவண்டிதான் நினைவுக்கு வரும், என் அப்பாவுக்கும் அப்படித்தான். ஆனால் இதில் யாரும் யாரையும் முந்துவதில்லை. இதன் பெயர் பாரா ட்ரெஸ்ஸாஜ். எழுத்துகள் நட்ட ஒரு நீள்சதுரத் திடலில், குறித்த இடத்தில் குறித்த அசைவைக் குதிரை அமைதியாகச் செய்ய வேண்டும். 1996 அட்லாண்டாவில் பாராலிம்பிக்கில் சேர்ந்தது. ஐந்து தரம் உண்டு. இயலாமை மிகக் கூடியவர்களுக்கு முதலாம் தரம், அவர்களுக்கு நடை மட்டும். ஆண், பெண் எல்லோரும் ஒரே போட்டியில். காலால் சொல்ல முடியாததைச் சாட்டையால் தொட்டுச் சொல்லலாம், வளையம் தைத்த கடிவாள வாரைப் பிடிக்கலாம், பாதம் வழுக்காமல் இறப்பர் பட்டி போடலாம். முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தால் சரி. ஒவ்வொரு அசைவுக்கும் பூச்சியத்தில் இருந்து 10 வரை புள்ளி. பாவம் என்று நினைத்து நடுவர் அரைப்புள்ளியும் கூட்டிப் போடமாட்டார். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். 1952இல் ஹெல்சிங்கியில், பாராலிம்பிக்கில் அல்ல, ஒலிம்பிக்கிலேயே வெள்ளி வென்றார். 1956இல் மறுபடியும் வெள்ளி. குதிரையில் ஏற்றவும் இறக்கவும் அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆட்களையும் யாராவது படத்தில் வெட்டியிருப்பார்களோ என்னவோ. சிங்கப்பூருக்கு முதல் பாராலிம்பிக் பதக்கம் கிடைத்ததும் குதிரையால்தான். 2008இல், மூளைவாதமும் செவிட்டுத்தன்மையும் உள்ள லோரென்ஷியா டான் வென்றார்.

நான் முதலில் குதிரை ஏறியது 2019இல், அக்காவைப் பார்க்க லண்டன் போனபோது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சவாரி பழக்கும் இடம். அங்கே கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பக்கத்தால் ஏற விருப்பம்?" திரும்பி வந்து தென்பகுதியில் ஒரு சவாரிப் பள்ளிக்குப் போன் எடுத்தேன். கால் இல்லை என்றதும், "சொறி மிஸ், பொறுப்பு எடுக்க ஏலாது." எந்தக் கால், முழங்காலுக்கு மேலேயா கீழேயா, ஒன்றும் கேட்கவில்லை. இங்கே சொன்னாலோ, "அப்ப நெடுந்தீவுக்குப் போங்கோவன், அங்க நிறையக் குதிரை நிக்குது" என்கிறார்கள். அவை கட்டாக்காலிகள் ஐயா, சேணம் கண்டவையல்ல. பாவம், அவை தண்ணீருக்கே கோடையில் அலைகின்றன.

வெயிலில் பொய்க்காலின் குழிக்குள் வியர்த்து, முனைக்காலின் தோல் உரிந்து, மூன்று நாள் பொய்க்கால் போடாமல் இருந்ததும் உண்டு. உங்கள் நிருபரிடம் இதையும் சொன்னேன். அதற்குப் பதிலாகத் 'தன்னம்பிக்கை' என்ற சொல் ஏழு இடத்தில் வந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன்.

இடம் இருந்தால் அந்தப் படத்தை வெட்டாமல் இன்னொருமுறை போடுங்கள். திங்கட்கிழமை கோப்பாயில் இருந்து ஒரு அம்மா போன் எடுத்தா. மகனுக்கு ஒன்பது வயது, இரண்டு காலும் இறுக்கம், குதிரை என்றால் உயிராம். "எப்படிப் பிள்ளை ஏறுறனீங்கள்?" என்று கேட்டா. படத்தைப் பாருங்கோ என்று சொல்ல வழியில்லை. உயரமும் படிக்கணக்கும் சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதினா. ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன், நம்பரையும் குறித்து வைக்கவில்லை. அவ இதை வாசித்தால்: மேல்தட்டின் அகலம் இரண்டு அடி, பிடிக்க ஒரு பக்கம் கைமரம் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
கோண்டாவில்.