இரண்டாவதாக வந்தவர் சாம்பியன் ஆன கதை

அன்புள்ள சேகர்,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. மங்கைக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மீண்டும் கண்ணாடியில்லாமல் நாளிதழ் படிக்கிறார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. என் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. மாடிப்படி ஏறுவதுதான் சற்றுச் சிரமம்.

ஓய்வு பெற்றபின் நீ மறுபடியும் கார்ப் பந்தயம் பார்க்கத் தொடங்கியிருக்கிறாய் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. படிக்கிற காலத்தில் சோழவரத்துப் பந்தயங்களுக்கு நம்மை இழுத்துச் சென்ற அதே ஆர்வம் இன்னும் உன்னிடம் குறையவில்லை என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது. அமெரிக்க ஸ்டாக் கார் (சாலையில் ஓடும் கார்களின் தோற்றத்தில் செய்யப்படும் பந்தயக் கார்) பந்தயங்களைப் பற்றி நீ கேட்டிருந்த கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “ஆண்டின் கடைசிப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவரை நிறுத்திவிட்டு இரண்டாவதாக வந்தவரின் கையில் கோப்பையைக் கொடுப்பது என்ன நியாயம்?” என்று கேட்டிருந்தாய். அப்படி நடந்த பந்தயங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1992 நவம்பர் 15 அன்று ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா ஓடுகளத்தில் நடந்தது. அதன் ஒளிப்பதிவைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த நாளை முழுதாகச் சொன்னால்தான் என் பதில் உனக்குப் புரியும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் முதன்மைத் தொடருக்கு அப்போது வின்ஸ்டன் கப் என்று பெயர். 1975 முதல் அதில் ஒரே புள்ளி முறை இருந்துவந்தது. எந்தப் பந்தயமானாலும் முதலிடத்துக்கு 175, இரண்டாமிடத்துக்கு 170, மூன்றாமிடத்துக்கு 165 என்று புள்ளிகள் படிப்படியாக இறங்கும். ஒரு சுற்றையாவது முன்னணியில் முடித்தவருக்கு 5 புள்ளிகள் கூடுதலாக உண்டு. அந்தப் பந்தயத்தில் மிக அதிகமான சுற்றுகளை முன்னணியில் ஓட்டியவருக்கு மேலும் 5 புள்ளிகள் உண்டு. ஆண்டு முழுவதும் நடக்கும் பந்தயங்களின் மொத்தக் கூட்டலில் முந்துபவரே சாம்பியன். அந்த ஆண்டு 29 பந்தயங்கள். 28 முடிந்திருந்த நிலையில், கடைசிப் பந்தயத்துக்கு வரும்போது ஆறு பேருக்கு இன்னும் வாய்ப்பு இருந்தது. டேவி அலிசன் முதலிடத்தில் இருந்தார். ஆலன் குல்விக்கி அவருக்கு 30 புள்ளிகளும், பில் எலியட் 40 புள்ளிகளும் பின்தங்கியிருந்தார்கள். ஹாரி கான்ட், கைல் பெட்டி, மார்க் மார்ட்டின் ஆகிய மூவரும் இன்னும் தொலைவில் இருந்தார்கள்.

இவர்களில் குல்விக்கியைப் பற்றித்தான் உனக்கு விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் அவரும் நம்மைப்போல் மெக்கானிக்கல் பொறியியல் படித்தவர். தெற்கு மாநிலத்துக்காரர்கள் கோலோச்சிய அந்த உலகத்துக்கு வடக்கே விஸ்கான்சினிலிருந்து வந்தவர். மில்வாக்கியிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1977இல் பட்டம் பெற்றார். கையிலிருந்த உடைமைகளை விற்றுவிட்டு 1980களின் நடுவில் வட கரோலினாவுக்குக் குடிபெயர்ந்து, சொந்தமாக ஒரு சிறிய அணியைத் தொடங்கினார். காரின் உரிமையாளரும் அவரே, ஓட்டுபவரும் அவரே. 1986இல் சிறந்த புதுமுக வீரர் என்ற பட்டம் கிடைத்தது. 1988இல் ஃபீனிக்ஸ் நகரில் முதல் வெற்றி பெற்றபோது, களத்தைத் தலைகீழ்த் திசையில், அதாவது கடிகார முள் சுற்றும் திசையில், சுற்றி வந்தார். இத்தகைய நீள்வட்டக் களங்களில் பந்தயங்கள் எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றுவதால் ஓட்டுபவரின் ஜன்னல் பார்வையாளர்கள் பக்கம் வருவதே இல்லை. எதிர்த்திசையில் ஓட்டினால் அவர்களின் முகம் பார்த்துக் கையசைக்கலாம் என்பதற்காகவே அப்படிச் செய்தார்.

ஜூனியர் ஜான்சன் என்ற பெரும் அணி உரிமையாளர் தம் அணிக்கு ஓட்ட வருமாறு குல்விக்கியைப் பெருந்தொகைக்கு அழைத்தார். குல்விக்கி மறுத்துவிட்டுத் தம் சொந்தக் காரையே தொடர்ந்து ஓட்டினார். 1992இல் அதே ஜான்சனின் அணிக்கு ஓட்ட வந்தவர் பில் எலியட். ஆக, அட்லாண்டாவில் குல்விக்கி எதிர்த்துப் போராடியது தாம் வேண்டாமென்று ஒதுக்கிய அதே அணியைத்தான். இதை எண்ணும்போதெல்லாம் அந்த மனிதரின் துணிவின்மேல் எனக்கு மதிப்பு கூடிக்கொண்டே போகிறது.

அந்த ஆண்டு செப்டம்பரில் டோவர் பந்தயத்தில் குல்விக்கியின் கார் மோதிச் சேதமடைந்தது. ஆறு பந்தயங்களே மீதமிருக்க, முதலிடத்திலிருந்த எலியட்டைவிட அவர் 278 புள்ளிகள் பின்தங்கியிருந்தார். அன்று அவரே வாய்ப்பு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தார். ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் எலியட்டின் காரில் கோளாறுமேல் கோளாறாக வந்தது. குல்விக்கி பெரிய தவறு எதுவும் செய்யாமல் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே வந்தார். ஐந்தே பந்தயங்களில் எலியட்டையும் தாண்டி 10 புள்ளிகள் முன்னால் நின்றார். டேவி அலிசனோ அந்த ஆண்டு, தொடரிலேயே மிகப் புகழ்பெற்ற டேட்டோனா 500 பந்தயத்தை வென்றவர். ஜூலையில் பொகோனோவில் கார் உருண்டு கை முறிந்தது. ஆகஸ்டில் மிச்சிகனில் தம்பி கிளிஃபர்டைப் பயிற்சி ஓட்டத்தில் பறிகொடுத்தார். அவ்வளவையும் தாங்கிக்கொண்டு ஃபீனிக்ஸில் வென்று முதலிடத்தைப் பிடித்திருந்தார். ஆகவே இவர்களில் யாருக்குக் கோப்பை போயிருந்தாலும் தகுதியில்லாதவருக்குப் போயிற்று என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

அன்றைய தினத்துக்கு வேறு சிறப்புகளும் இருந்தன. 200 வெற்றிகளும் ஏழு சாம்பியன் பட்டங்களும் பெற்ற ரிச்சர்ட் பெட்டியின் கடைசிப் பந்தயம் அதுதான். 21 வயதான ஜெஃப் கார்டனின் முதல் பந்தயமும் அதுவே. பெட்டியின் கார் மோதித் தீப்பிடித்தது. அவருடைய ஆட்கள் அதை எப்படியோ ஒட்டவைத்து, பந்தயத்தின் முடிவில் அவர் களத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது பந்தயத்துக்கு வருகிறேன். ஒரு சுற்று 1.522 மைல், அதாவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர். வளைவுகள் 24 பாகை சாய்வு கொண்டவை. மொத்தம் 328 சுற்றுகள். அலிசனுக்கு ஐந்தாவது இடம் கிடைத்தாலே போதும், மற்றவர்கள் என்ன செய்தாலும் கோப்பை அவருக்குத்தான். 250 சுற்றுகளைத் தாண்டியபின், எர்னி இர்வனின் கார் நிலைதடுமாறிக் குறுக்கே வர, அலிசனால் விலக முடியவில்லை. அவருடைய கார் மோதிச் சிதைந்தது. அவர் 27ஆவது இடத்தில் பந்தயத்தை முடித்தார். அந்த நொடியிலிருந்து போட்டி குல்விக்கிக்கும் எலியட்டுக்கும் இடையேதான்.

குல்விக்கியின் காருக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது பார்வையாளர்களுக்குத் தெரியாது. எரிபொருள் நிரப்பி டயர் மாற்றும் இடமான பிட்டில் முதல்முறை நின்று கிளம்பும்போதே அவருடைய முதல் கியர் உடைந்துவிட்டது. உடைந்த உலோகத் துண்டுகள் கியர் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. கியரை மேலும் கீழும் மாற்றினால் அவை பற்களுக்கிடையில் சிக்கி மொத்தப் பெட்டியையும் நொறுக்கிவிடக்கூடும். ஆகவே அதன்பின் ஒவ்வொரு முறையும் அவர் நின்ற நிலையிலிருந்து நான்காவது கியரிலேயே காரை நகர்த்த வேண்டியிருந்தது. ஆயிரத்தைந்நூறு கிலோவுக்கும் மேற்பட்ட காரை, இன்ஜின் அணைந்துவிடாமல், கிளட்ச்சும் கருகிவிடாமல் நான்காவது கியரில் கிளப்புவது எவ்வளவு கடினம் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. தலைமை மெக்கானிக் பால் ஆண்ட்ரூஸ் நாள் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதாகப் பின்னர் சொன்னார்.

கடைசிக் கட்டத்தில் குல்விக்கி முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார், எலியட் பின்னால் வந்தார். இருவருக்கும் இன்னொரு முறை எரிபொருள் நிரப்பியாக வேண்டும். அப்போது குல்விக்கியின் அணியினர் பார்த்துக்கொண்டிருந்தது இடத்தை மட்டுமன்று, சுற்றுகளின் எண்ணிக்கையையும். யார் அதிகச் சுற்றுகள் முன்னணியில் இருந்தார் என்ற அந்த 5 புள்ளிகள் யாருக்குப் போகும் என்பதை அவர்கள் தாளில் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். போதுமான சுற்றுகள் சேரும்வரை அவரைக் களத்திலேயே வைத்திருந்து, 310ஆவது சுற்றில்தான் பிட்டுக்கு அழைத்தார்கள். டயர் மாற்றவில்லை. சில நொடிகள் எரிபொருள் மட்டும் ஊற்றினார்கள். மீண்டும் நான்காவது கியரில் கார் மெல்ல நகர்ந்து வேகம் பிடித்ததைப் பார்க்கும்போது, முடிவு தெரிந்திருந்தும் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்கும்.

எலியட் பந்தயத்தை வென்றார். குல்விக்கி இரண்டாவது. முன்னணியில் ஓட்டிய சுற்றுகள் எலியட்டுக்கு 102, குல்விக்கிக்கு 103. நீயே கூட்டிப் பார். எலியட்டுக்கு வெற்றிக்கு 175, முன்னணியில் ஓட்டியதற்கு 5, ஆக 180. குல்விக்கிக்கு இரண்டாமிடத்துக்கு 170, முன்னணியில் ஓட்டியதற்கு 5, மிக அதிகச் சுற்றுகளுக்கு 5, ஆக 180. இருவரும் அன்று பெற்ற புள்ளிகள் சமம் என்பதால் பந்தயத்துக்கு முன்பிருந்த அந்த 10 புள்ளி வித்தியாசம் அப்படியே நின்றது. இறுதிக் கணக்கு 4078க்கு 4068. குல்விக்கி ஓட்டிய அந்த 103 சுற்றுகளில் ஒன்றே ஒன்று எலியட்டின் பக்கம் போயிருந்தால் இருவரும் 4073இல் சமமாகியிருப்பார்கள். சமமானால் அந்த ஆண்டில் அதிக வெற்றி பெற்றவருக்கே பட்டம். எலியட்டுக்கு ஐந்து வெற்றிகள், குல்விக்கிக்கு இரண்டுதான். கோப்பை கைமாறியிருக்கும்.

உன் கேள்விக்கு இங்கேதான் என் பதில் இருக்கிறது, சேகர். அன்று வென்றவருக்கு உரிய மரியாதை கிடைத்தது. பந்தயக் கோப்பை எலியட்டுக்கே போயிற்று. ஆனால் ஆண்டின் கோப்பை என்பது பிப்ரவரியில் டேட்டோனாவில் தொடங்கி நவம்பர்வரை ஒவ்வொரு வாரமும் செய்த வேலைக்கான கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு சுற்றுகூட வீண்போகவில்லை என்பதை அட்லாண்டாவைப்போல் வேறெந்தப் பந்தயமும் எனக்குக் காட்டியதில்லை. 2014 முதல் பல ஆண்டுகள் இருந்த முறைப்படி கடைசிப் பந்தயத்துக்கு நால்வரைத் தேர்ந்து, அவர்களில் முன்னால் வருபவருக்கே பட்டம் என்று வைத்திருந்தால், 1992இல் எலியட் சாம்பியன். டோவருக்குப்பின் குல்விக்கி ஒவ்வொன்றாகச் சேர்த்தது அத்தனையும் ஒரே நாளில் அழிந்திருக்கும். அதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை. உன் தரப்பிலும் வலுவான வாதம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2003இல் மேட் கென்செத் ஒரே ஒரு வெற்றியுடன் சாம்பியனானார், எட்டு வெற்றிகள் பெற்ற ரையன் நியூமனுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. வெற்றிக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே வெறும் 5 புள்ளி வித்தியாசம் என்பது மிகவும் குறைவு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதை மட்டும் கூட்டியிருக்கலாம். ஆண்டுக் கணக்கையே குலைத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பட்டம் உறுதியானதும் குல்விக்கி மறுபடியும் எதிர்த்திசையில் களத்தைச் சுற்றி வந்தார். காரை நிறுத்தியபின் உடனே இறங்கவில்லை. தொலைக்காட்சி நேரலையில் நாடே காத்திருக்க, உள்ளே உட்கார்ந்து சீப்பை எடுத்துத் தலைவாரிக்கொண்டுதான் இறங்கினார். விளம்பரதாரர் முன் தோற்றம் முக்கியம் என்பதைச் சொந்த அணி நடத்தும் ஒருவர் மறக்க மாட்டார். அந்தப் பந்தயத்துக்கு அவருடைய ஃபோர்டு தண்டர்பேர்ட் காரின் முகப்பில் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளை நீக்கி ‘அண்டர்பேர்ட்’ என்று ஆக்கியிருந்தார்கள். வெல்ல வாய்ப்பில்லாதவரைக் குறிக்கும் ‘அண்டர்டாக்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சாயலில், தங்களை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதை அவ்வளவு பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள்.

சாம்பியனாக அவர் ஓட்டியது சில பந்தயங்களே. 1993 ஏப்ரல் 1 அன்று பிரிஸ்டல் பந்தயத்துக்குச் செல்லும் வழியில் சிறு விமானம் விழுந்து இறந்தார். வயது 38. மூன்று மாதம் கழித்து ஜூலையில், டல்லடேகாவில் ஹெலிகாப்டர் விபத்தில் டேவி அலிசனும் போய்விட்டார். குல்விக்கி இறந்த அந்த வாரம் பிரிஸ்டலில் வென்ற ரஸ்டி வாலஸ், அவர் நினைவாக எதிர்த்திசையில் ஒரு சுற்றுச் சுற்றினார். அதன்பின் இன்றுவரை பலரும் அவ்வாறு செய்து அவருக்கு மரியாதை செலுத்துகிறார்கள்.

எலியட்டின் அணியைப் பற்றி உன் கருத்தை அறிய ஆவலாக இருக்கிறேன். அவர்களும் அந்தச் சுற்றுக் கணக்கைக் கவனித்து, குல்விக்கி பிட்டுக்குள் போகும் நேரம் பார்த்துத் தங்கள் கடைசி நிறுத்தத்தைத் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். நிறுத்தாமல் ஓட எரிபொருள் போதாது என்பதால் முடிந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒளிப்பதிவில் கடைசி நாற்பது சுற்றுகளை மட்டுமாவது தாளும் பேனாவுமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு எனக்கு எழுது. மங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
நடராஜன்