உன் நாடகத்தில் அந்தப் புத்தகம் எங்கே?

அன்புத் தங்கைக்கு,

தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூடு பற்றிய உன் நாடகப் பிரதியை இரண்டு முறை படித்தேன். துப்பாக்கிச் சத்தத்தில் தொடங்கி அதிலேயே முடிகிறது. 1960 மார்ச் 21 அன்று அத்தனை பேர் காவல் நிலையத்துக்கு ஏன் போனார்கள் என்பது மட்டும் எங்கேயும் வரவில்லை. 'அடையாள அட்டை கேட்டார்கள்' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டாய். அது அட்டை இல்லையம்மா, புத்தகம்.

தென்னாப்பிரிக்க வெள்ளையர் அரசு 1952இல் கொண்டுவந்த சட்டத்தின் பெயரைக் கேள்: 'பாஸ் ஒழிப்பு, ஆவண ஒருங்கிணைப்புச் சட்டம்'. பாஸ் என்றால் கறுப்பினத்தவர் நடமாட வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டு. பலவகைப் பழைய பாஸ்களை ஒன்றாகத் தைத்து ஒரே புத்தகமாகக் கையில் திணித்ததுதான் அந்த ஒழிப்பு. 16 வயது நிரம்பிய கறுப்பினத்தவர் எல்லோரும் அதை எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் டொம்பாஸ், முட்டாள் பாஸ். உள்ளே புகைப்படமும் எண்ணும். கைரேகை தனியாகத் தலைமைப் பதிவகத்தில். பிறகு ஐந்து பகுதிகள்: நகரில் இருப்பதற்கும் வேலை தேடுவதற்கும் அனுமதி, முதலாளியின் பெயரும் கையெழுத்தும், அரசுக்குக் கட்டிய வரி, இனக்குழு நிர்வாகத்துக்குக் கட்டிய வரி, கடைசியில் ஊரடங்கு விலக்கு போன்ற இதர குறிப்புகள்.

உன் நாடகம் அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பகுதியில்தான் இருக்கிறது. முதலாளி மாதா மாதம் அங்கே கையெழுத்துப் போட வேண்டும். அவர் மறந்தால் மாட்டுவது தொழிலாளி. இப்படி ஒரு கட்டம் கையில் இருக்கும்போது கூலி உயர்வு கேட்க எவனுக்கு வாய் வரும்? வேலை போனால் நகரில் இருக்கும் அனுமதியும் ஆட்டம் காணும். நகரில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்க வேண்டுமானால் அங்கேயே பிறந்து தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே முதலாளியிடம் 10 வருடம் வேலை செய்திருக்க வேண்டும், அல்லது பலரிடம் மாறி மாறி 15 வருடம் அங்கே முறைப்படி இருந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவரோடு வாழும் மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. மற்றவர்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் அனுமதியில் தொங்க வேண்டியதுதான். அந்த அனுமதியில் வந்தவனைப் பார்க்க ஊரிலிருந்து மனைவி வந்தால், மூன்றாம் நாள் முடிவதற்குள் மூட்டை கட்ட வேண்டும்.

உன் இரண்டாம் காட்சியில் போலீஸ்காரர் 'வீட்டுக்குப் போய் எடுத்து வா' என்கிறார். அப்படி விடமாட்டார்கள். கேட்ட இடத்தில் காட்ட வேண்டும் என்பதுதான் சட்டம். வாசலில் நிற்பவனின் புத்தகம் உள்ளே ஆணியில் தொங்கும் சட்டையில் இருந்தாலும் குற்றம்தான். 10 பவுண்டு வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை. விசாரணை சில நிமிடங்களில் முடியும். பிடிபட்டவர்களை வழக்குக்குப் பதில் பண்ணை வேலைக்கு அனுப்பியதும் உண்டு. பாஸ் சட்டங்கள் வேலைக்கு ஆள்பிடிக்கும் வலையாகவும் இருந்தன.

அடுத்த பிழை பெரியது. மார்ச் 21 காலையில் கூட்டம் புத்தகங்களை எரிப்பதாக எழுதியிருக்கிறாய். போராட்டத்தை நடத்திய கறுப்பினத்தவர் அமைப்பான பான் ஆப்பிரிக்கன் காங்கிரஸ் போட்ட திட்டம் அதுவல்ல. புத்தகத்தை வீட்டில் வை, வெறுங்கையோடு காவல் நிலையத்துக்குப் போ, என்னைக் கைது செய் என்று சொல். ஜாமீன் இல்லை, எதிர்வழக்காடல் இல்லை, அபராதம் கட்டுவதில்லை. கணக்கு எளிது: சிறைகள் நிரம்பும், ஆலைகளில் ஆள் இருக்காது. இன்னொரு அமைப்பான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் மார்ச் 31க்குத் தன் போராட்டத்தைக் குறித்திருந்தது. பான் ஆப்பிரிக்கன் காங்கிரஸ் தலைவர் ராபர்ட் சொபுக்வே பத்து நாள் முந்திக்கொண்டார். அவரை நீ ஷார்ப்வில்லில் நிறுத்தியிருக்கிறாய். அன்று அவர் கைதானது ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஒர்லாண்டோவில்.

ஷார்ப்வில்லில் 69 பேர் செத்தார்கள், பலருக்கு முதுகில் குண்டு. எரிப்பு அதற்குப் பிறகு வந்தது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி தன் புத்தகத்தைப் பகிரங்கமாகக் கொளுத்தினார். அரசு சில நாள் பாஸ் கைதுகளை நிறுத்தியே வைத்தது, அந்த அளவுக்கு ஆடிப்போனது. பிறகு மார்ச் 30 அவசரநிலை, ஏப்ரல் 8 இரண்டு அமைப்புகளுக்கும் தடை. கைதுகள் திரும்பின. பாஸ் சட்டங்கள் போக 1986 ஆயிற்று.

பெண்களுக்கு நீ ஒரு வசனம்கூடக் கொடுக்கவில்லை. தாய் தெருவில் பிடிபட்டால் வீட்டில் இருக்கும் குழந்தைக்கு யார் சொல்வது என்பதுதான் அவர்கள் கேள்வி. 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள் பாஸை எதிர்த்துப் பிரிட்டோரியாவில் அரசு மாளிகை முன் அரை மணி நேரம் வாய் திறக்காமல் நின்றார்கள். மேடையில் முப்பது விநாடி அமைதி போதும், பார்வையாளர் நெளிவார்கள்.

தில்லையாடி வள்ளியம்மையை இதில் சேர்க்காதே. அவர் 1914இலேயே இறந்துவிட்டார், போராடியது இந்தியர்கள் மீதான சட்டங்களை எதிர்த்து. வேண்டுமானால் வேறொரு நாடகம் எழுது: அவர் சிறை சென்ற அதே 1913இல் புளூம்ஃபான்டெயினில் கறுப்பினப் பெண்களும் பாஸ் வாங்க மறுத்துச் சிறைக்குப் போனார்கள். இரண்டும் தனித்தனியாக நடந்த போராட்டங்கள்.

மேடைக்குப் புத்தகம் செய்யும்போது சட்டைப்பைக்குள் அடங்குகிற மாதிரி செய், ஓரங்கள் நைந்திருக்கட்டும். இரண்டாம் பகுதியில் பிப்ரவரி வரை கையெழுத்துப் போட்டு வை. மார்ச் கட்டத்தைக் காலியாக விடு.

அண்ணன்